தாழ்ப்பாள் இல்லாத கதவு

“உள்ளே எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு.”

“ஸ்டீம் போட்டியா?”

“போட்டேன், போட்டேன்.”

“சூடு போதுமா?”

“போதும். நீங்க போய் டீயைக் குடிங்க, ஆறிடப்போகுது.”

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் மெல்ல நகர்ந்தது. கதவுக்கு இந்தப் பக்கம், புத்தம் புதிய குளியலறையின் நடுவில், ஆபரேட்டரம்மா உடுத்திய துணியோடு, தலைமுடி கூடக் கலையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவின் கைப்பிடியை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் ஷவர். அதைத் தரையில் நாலு பக்கமும் காட்டினாள். சுவருக்கு ஒரு வீச்சு. துண்டின் ஒரு முனையை நனைத்துப் பிழிந்தாள். நெற்றியோரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தடவிக்கொண்டாள்.

குளியல் முடிந்தது.

குளியலறை வேலை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் இதே நாடகம்தான். வீட்டுக்காரர் கடைப்பக்கம் கிளம்பிப் போனதும் தெருக்கதவைப் பூட்டிவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்து, வலிக்கிற மணிக்கட்டோடு அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கிற இடத்தில் மறைவாக உட்கார்ந்து நாலு குவளை ஊற்றிக்கொண்டு வருவாள். வீட்டுக்குள் இத்தனை அழகாக ஒரு குளியலறையை வைத்துக்கொண்டு, திருடி மாதிரி.

இன்றைக்கு அந்த நாடகத்துக்கு ஒரு புதுப் பார்வையாளர் வரப்போகிறார்.

வருவது மகள். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் பார்ப்பவள். யார் எங்கே எப்படி வழுக்கினார்கள், மாடிப்படியில் கைப்பிடி இருந்ததா, விளக்கு எரிந்ததா என்று கேட்டுக் கேட்டு, நாற்காலியைப் பார்த்தால்கூட அவளுக்கு அது கவிழ்கிற கோணம்தான் கண்ணில் படும். அப்பா அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

அம்மா பழைய குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டு, கதவை உடைத்து அவளை வெளியே தூக்கி வந்த அந்த நாளில் இன்ஸ்பெக்டர் ஓடோடி வந்தாள். வந்தவள் அழவில்லை. பாசி பிடித்த தரையையும், துணி சுற்றிக் கட்டியிருந்த குழாயையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்.”

மாவுக்கட்டுப் பிரிக்கும் வரைக்கும் அவகாசம் கேட்டவர் ஃபிட்டர். ஆபரேட்டரம்மாவின் வீட்டுக்காரர். ஊரில் பாதி வீடுகளுக்குக் குளியலறை போட்டுக் கொடுத்தவர். சொந்த வீட்டுக் குழாய்க்கு மட்டும் அவர் கை எட்டாது. “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லிச் சொல்லியே மகளுக்குக் கல்யாணமும் முடிந்துவிட்டது. அந்த மனிதர்தான், மகள் சொன்ன சொல் காதில் விழுந்த மறுநாள், சம்மட்டியை எடுத்துக்கொண்டு பழைய குளியலறைக்குள் நுழைந்தார். தரை, சுவர், கூரை, கதவு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், “இது நம்ம வீட்டு வேலை” என்றார்.

இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு முடிவு சொல்வாள். அம்மா இருக்கிறாளா, போகிறாளா என்று.

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சக்கரம் வைத்த பெட்டி ஒன்று கல்லில் ஏறி இறங்குகிற சத்தம். ஆயுசு முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் ஆபரேட்டரம்மா. கண்ணை விடக் காது முந்திக்கொள்ளும். என்னமோ கனமாக உருளுதே என்று அந்தக் காது சொன்னது. அதற்குள் மகள் உள்ளே வந்துவிட்டாள்.

“என்னடி இது, பெட்டியா, பீரோவா?”

“உன் துணியெல்லாம் வைக்கத்தான்மா. காலிப் பெட்டி.”

“கொடும்மா, நான் உள்ளே வைக்கறேன்” என்று ஃபிட்டர் கையை நீட்டினார்.

“விடுங்கப்பா, நானே வச்சுக்கறேன்.” கூடத்து மூலையில் அவளே தள்ளிக்கொண்டு போய், சுவரோடு ஒட்டி நிறுத்தினாள்.

“மாப்பிள்ளை வரலையா?”

“வேலைம்மா.”

அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு உட்பிரிவு, உட்பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு என்று பேசுகிற பெண், இந்தக் கேள்விக்கு மட்டும் ஒற்றை வார்த்தையில் வாயை மூடிக்கொண்டாள். டீயைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு, “சரி, வாங்க. பார்த்துடுவோம்” என்றாள்.

ஃபிட்டர் தலையைத் தடவி முடியைச் சரிசெய்துகொண்டார். தேர்வு எழுதப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

“தரை?”

“சொரசொரப்பு டைல்ஸ். ஈரத்துல நடந்து பாரு. வேணும்னா எண்ணெய் ஊத்தி நட.”

“பிடிச்சுக்கக் கம்பி?”

“கதவுகிட்ட ஒண்ணு, ஷவர்கிட்ட ஒண்ணு, உக்கார்ற இடத்துல ஒண்ணு. நானே தொங்கிப் பார்த்துட்டேன்.”

“நீங்க தொங்கறது ஒரு சோதனையாப்பா? உங்களைத் துணிக்கொடி கூடத் தாங்கும்.”

“பார்த்தியா, வந்த உடனே ஆரம்பிச்சுட்டா.”

“உக்கார்ற மேடை உயரம் சரியா இருக்கா? ரொம்பத் தாழ்வா இருந்தா அம்மாவுக்கு எழுந்திருக்கக் கஷ்டம்.”

“உங்கம்மா முட்டி உயரம்தான். தூங்கும்போது அளந்தேன்.”

“தூங்கும்போதா?” என்றாள் ஆபரேட்டரம்மா.

“முழிச்சிருக்கும்போது அளந்தா எதுக்கு, ஏன், எப்போன்னு கேட்டே கொன்னுடுவே.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தாள். “கூரை ஏன் சாய்வா இருக்கு? கோணலாப் பூசிட்டீங்களா?”

“அடிப் பாவி. ஆவி மேல போய்க் குளிர்ந்து தண்ணியா மாறும். கூரை சமமா இருந்தா அது நேரா தலைல சொட்டும். சாய்ச்சு விட்டா சுவரோரமா வழிஞ்சு போயிடும். உங்கம்மா தலைல ஒரு சொட்டு விழாது.”

“நான் கேட்டது ஒரு கம்பியும் ஒரு நல்ல தரையும். இந்த ஆவிக் குளியல் எல்லாம் யார் கேட்டாங்க?”

ஃபிட்டர் சுவரில் ஏதோ தூசியைத் தட்டினார். அங்கே தூசி எதுவும் இல்லை.

“காலைல அவளுக்கு மணிக்கட்டு பிடிச்சுக்குது. சூடு படட்டும், ஆவியில கொஞ்ச நேரம் உக்கார்ந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தேன். அவங்க உள்ளே போய்ட்டு வெளியே வரும்போது முகத்தைப் பார்த்திருக்கேன். ஏதோ சண்டை எல்லாம் முடிஞ்சுட்ட மாதிரி இருக்கும். இவ ஒரு நாளும் எனக்கு வேணும்னு கேட்டதில்ல. நானும் போட்டதில்ல.”

ஆபரேட்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கதவு?” மகளின் குரல் சற்றே இறங்கியிருந்தது.

“வெளிப்பக்கமா திறக்கும். உள்ளே யாராவது விழுந்து கிடந்தாலும் இடிக்காது. தாழ்ப்பாள் கிடையாது.”

“இது நல்ல வேலைப்பா.”

இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. ஃபிட்டரின் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு முடிவதற்குள் மகளின் விரல் சுவரில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

ஸ்டீம் போடுகிற பட்டன் பலகை. அதன் மேல் கடையிலிருந்து வந்தபடியே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. ஒரு ஓரம்கூட எழும்பவில்லை.

“தாள் உரிக்கவே இல்லையே.” மகள் சோப்பை எடுத்துப் பார்த்தாள். அதில் பதிந்திருந்த எழுத்துக்கள் அப்படியே புதிதாக இருந்தன. “அம்மா, நீ இதுல குளிக்கவே இல்லையா?”

அந்தத் தாளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் வேலை முடித்தாலும் ஃபிட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, பட்டன் பலகையின் தாளை மட்டும் உரிக்காமல் வருவார். அதை அந்த வீட்டுக்காரர்தான் தன் கையால் உரிக்க வேண்டும். அப்போதுதான் அது அவர்கள் வீட்டுச் சாமான், அதுவரைக்கும் அது ஃபிட்டர் செய்த வேலை. யார் எப்படி உரித்தார்கள் என்று சாப்பிடும்போது கதை கதையாகச் சொல்வார். ஒருத்தி நகம் உடையாமல் அரை மணி நேரம் உரித்தாள். ஒரு பெரியவர் உரித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேட்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தாளை உரித்துப் போட்டிருந்தால் அவள் நாடகம் கச்சிதமாக இருந்திருக்கும். தரையைப் பொய்யாக நனைக்க முடிந்தது. துண்டைப் பொய்யாக நனைக்க முடிந்தது. அந்தத் தாளை மட்டும் பொய்யாக உரிக்கக் கை வரவில்லை.

“கேட்கறேன்லம்மா?”

“அவ குளிக்கல. எனக்கு முதல் நாளே தெரியும்” என்றார் ஃபிட்டர். “ஸ்டீம் பெட்டி நான் டீ குடிக்கிற இடத்துல, என் தலைக்கு மேலதான் மாட்டியிருக்கு. ஓடினா உறுமும். ஒரு நாள்கூட உறுமல.”

ஆபரேட்டரம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “தெரிஞ்சுமா தினமும் சூடு போதுமான்னு கேட்டீங்க?”

“நீயும் தினமும் போதும்னு சொன்னியே.”

ஃபிட்டர் மகளைப் பார்த்துப் பேசினார், மனைவியைப் பார்க்காமல். “உங்கம்மாவுக்கு உன்கூட வரத்தான் இஷ்டம்னு புரிஞ்சுக்கிட்டேன். வாய்விட்டுச் சொல்ல மனசு வரல. போறவ எதுக்குத் தாளை உரிக்கணும்? அதான் நானும் வற்புறுத்தல. கூட்டிட்டுப் போம்மா. உங்க வீட்டுல தண்ணி வசதி எல்லாம் நல்லா இருக்கும்.”

அவர் திரும்பிப் போகப் பார்த்தார். வேலை முடித்த வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் மாதிரி, கை தன்னையறியாமல் கருவிப் பையைத் தேடியது.

“நில்லுங்க” என்றாள் ஆபரேட்டரம்மா. “தாழ்ப்பாள் இல்ல.”

“என்னது?”

“கதவுல தாழ்ப்பாள் இல்ல. தாழ்ப்பாள் இல்லாம என்னால குளிக்க முடியாது. அவ்வளவுதான். வேற எதுவும் இல்ல.”

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இந்த வயசுல உன்னை யாரும்மா எட்டிப் பார்க்கப் போறாங்க?”

“எட்டிப் பார்ப்பாங்கன்னு யாருடி சொன்னா?” அவள் குரல் சட்டென்று உயர்ந்து, அதே வேகத்தில் தணிந்தது. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உயரம் அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. அளவெடுத்ததுதான். “நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எத்தனை பேர் இருந்தோம்னு உனக்குத் தெரியாது. மாமியார், மாமனார், மச்சினர்ங்க, அவங்க சிநேகிதர்ங்க. கூடத்துல ஆள் தாண்டித்தான் நடக்கணும். வேலைக்குப் போனா அங்கே மேற்பார்வைக்காரி நாம பேசறதையெல்லாம் லைன்ல கேட்டுக்கிட்டே இருப்பா. லேசா சிரிச்சாக்கூட என்ன சிரிப்புன்னு வந்து நிப்பா. நாள் பூரா காதுக்குள்ள ஒரு ஆள். வீட்டுக்கு வந்தா கண்ணுக்கு முன்னால பத்து ஆள். அந்தப் பழைய கதவுத் தாழ்ப்பாளைப் போட்டா டக்குனு ஒரு சத்தம் வரும் பாரு. அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் நான் நானா இருப்பேன்.”

“உள்ளே என்ன பண்ணுவே?”

“அழணும்னா அழுவேன். சிரிக்கணும்னா சிரிப்பேன். உங்க பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் சுவருக்குச் சொல்லுவேன். வெளியே கேட்கக் கூடாதுன்னு குழாயை முழுசா திறந்து விட்டுடுவேன்.”

ஃபிட்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “அதான் அந்தக் காலத்துல தொட்டித் தண்ணி நிக்கவே நிக்காம காலியாச்சா? நான் குழாய்லதான் ஒழுகுதுன்னு வாஷர் மாத்தி மாத்திக் கை ஓஞ்சுபோச்சே.”

“வாஷர்ல ஒரு கோளாறும் இல்ல.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அது தாழ்ப்பாள் ஆகாதே.”

மகள் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அம்மாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிட்டர் கதவின் விளிம்பைத் தடவினார். தாழ்ப்பாள் இருந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. “அன்னிக்கு இதே இடத்துலதான் நின்னேன். நீ விழுந்த சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டேன், பதில் இல்ல. நான் போட்ட தாழ்ப்பாள். எப்பவும் நல்ல உறுதியாத்தான் போடுவேன். எவ்வளவு முட்டியும் அசையல. எத்தனை வீட்டுக் கதவைத் திறந்திருக்கேன், நம்ம வீட்டுக் கதவு எனக்குத் திறக்கல. உடைச்சு உள்ளே வந்து, நீ கண்ணைத் திறக்கற வரைக்கும்…” நிறுத்திக்கொண்டார். “புதுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கிட்டுத்தான் வந்தேன். பையிலதான் இருக்கு. முடுக்கக் கை வரல.”

முதலில் தெளிந்தவள் மகள். வழி கண்டுபிடிப்பது அவள் தொழில்.

“வெளியேயிருந்து காசை வச்சுத் திருப்பினா திறக்கிற தாழ்ப்பாள் இருக்குல்ல? அதைப் போட்டுடலாம்.”

“வெளியேயிருந்து திறந்தா அது என்ன தாழ்ப்பாள்?” என்றாள் அம்மா. “தாழ்ப்பாள் வேஷம் போட்ட கைப்பிடி.”

“அப்போ என்னதான்மா பண்ணச் சொல்றே? தாழ்ப்பாள் போட்டா அப்பாவுக்கு உயிர் போகும். போடலன்னா நீ குளிக்க மாட்டே. பேசாம என்கூட…” வாக்கியத்தை முடிக்காமல் விட்டாள். ஏனோ இன்றைக்கு அந்த வாக்கியம் அவளுக்கு முடியவில்லை.

ஃபிட்டர் அதற்குள் வெளியே போயிருந்தார். திரும்பி வரும்போது கையில், தரையோர வேலைகளுக்கு உட்காருகிற அவருடைய குட்டை முக்காலி. அதைக் கதவுக்கு வெளியே போட்டார்.

“கதவு வெளிப்பக்கம்தானே திறக்குது?”

“ஆமா.”

“நான் இங்கே முதுகைக் கொடுத்து உக்காந்துட்டா யாரால திறக்க முடியும்? உன்னாலயும் முடியாது, இன்ஸ்பெக்டராலயும் முடியாது. நான் எழுந்தா கதவு திறந்துடும். எனக்கு உறுதியும் இருக்கு, உனக்குத் தாழ்ப்பாளும் இருக்கு.”

“தினமுமா?”

“எனக்கு வேற என்ன வேலை? டீயை இங்கே கொண்டுவந்து குடிச்சுட்டுப் போறேன்.”

“நல்லா இருக்காளான்னு எப்படித் தெரியும்?” மகள் கேட்டாள்.

“பேசிக்கிட்டே இருக்கட்டும்.”

“பேச மாட்டேன்” என்றாள் ஆபரேட்டரம்மா. “பேசாம இருக்கத்தானே உள்ளே போறேன்.”

“சரி. அப்பப்போ கதவுல ஒரு தட்டு தட்டு. உக்கார்ந்த இடத்துலேர்ந்தே எட்டும், நான் அளந்திருக்கேன். காதுல விழலன்னாக்கூட முதுகுல தெரியும்.”

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக வாஷர் மாற்றிக்கொண்டிருந்த மனிதர். பிறகு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வெளியே முக்காலி நகர்ந்தது. ஃபிட்டரின் முதுகு கதவில் சாய்ந்தது. விளிம்பில் வைத்திருந்த ரப்பர் இறுகி, கதவு சட்டத்தில் போய் உட்கார்ந்தது.

டக்.

பழைய சத்தம் இல்லைதான். அதைவிட மெத்தென்று இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் தோள் இரண்டும் தாமாகவே இறங்கின.

பட்டன் பலகை முன்னால் நின்றாள். தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். அது சர்ரென்று வரவில்லை, கெஞ்சிக் கெஞ்சித்தான் வந்தது. முழுசாக உரிந்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துச் சோப்புப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

கூரைக்கு அந்தப் பக்கம் பெட்டி உறுமியது. வெளியே முதுகு லேசாக நிமிர்ந்தது கதவில் தெரிந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி வெள்ளையாக வந்தது. கணுக்காலைத் தொட்டது. முட்டிக்கு ஏறியது. உட்கார்ந்தாள். கண்ணாடி மறைந்தது, எதிர்ச்சுவர் மறைந்தது, அப்புறம் அவள் கால்களே மறைந்துபோயின. வெந்நீர் இப்படி இருக்காது. வெந்நீர் ஊற்றிய இடத்தில் சுட்டு, வழிந்த இடத்தில் ஆறிவிடும். இதுவோ எங்கேயும் போகவில்லை, கூடவே உட்கார்ந்துகொண்டது. மணிக்கட்டை மடியில் வைத்தாள். உள்ளே எங்கேயோ முறுக்கி வைத்த கயிறு ஒரு பிரி, ஒரு பிரியாக நெகிழ்ந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. விரித்தாள். முகத்தில் வழிந்தது வியர்வையா ஆவியா என்று தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கூரையைப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடத் தலையில் விழவில்லை. எல்லாம் சாய்வில் ஓடிச் சுவரோரமாக இறங்கிக்கொண்டிருந்தன.

கதவில் ஒரு தட்டு தட்டினாள்.

வெளியேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு.

சுவருக்குச் சொல்ல ஏதாவது பதில் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். மாமியாருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது. மேற்பார்வைக்காரியின் முகமே மறந்துவிட்டது. அழுகையும் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. வாஷர் மாற்றினாராம். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். குழாயைத் திறக்கவில்லை.

அப்புறம், யாரும் கேட்காமலே, அவளுக்குப் பேசத் தோன்றியது.

“ஏங்க.”

“ம்.”

“லைன்ல இருக்கீங்களா?”

“எங்கே போறது? எழுந்தா கதவு திறந்துடும்.”

“சூடு போதும்.”

“நிஜமாவா?”

“நிஜமா. தாளை உரிச்சுட்டேன்.”

இந்த முறை பதில் வார்த்தையாக வரவில்லை. கதவில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வாய் திறக்க முடியாத மனிதர் என்ன செய்வார், பாவம்.

அவள் வெளியே வந்தபோது முகம் சிவந்து, நெற்றி பளபளத்தது. மகள் தயாராகத் தண்ணீர்க் குவளையோடு நின்றாள். “மெதுவா குடி. தலை சுத்துதா? படபடப்பு இருக்கா?”

“பசிக்குது.”

ஃபிட்டர் கதவுக்கு வழிவிட்டு நகர்த்திய முக்காலியில் உட்கார்ந்தபடியே மனைவியை அண்ணாந்து பார்த்தார். ஊராரின் வீடுகளில் பார்த்த அதே முகம்தான், சண்டை எல்லாம் முடிந்துபோன முகம். ஆனால் இது அவர் வீட்டில் இருந்தது.

“நான் எங்கேயும் வரலடி” என்றாள் ஆபரேட்டரம்மா மகளிடம். “உன் காலிப் பெட்டி காலியாவே திரும்பிப் போகட்டும்.”

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தாள். மகள் வாதாடவில்லை. “சரிம்மா” என்றாள். குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றவள், “நானும் ஒரு தடவை உள்ளே போய்ட்டு வரட்டுமா?” என்றாள்.

“இதைக் கேட்கணுமா? போ.”

கதவு சாத்திக்கொண்டது. ஃபிட்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அப்பா, எழுந்திருக்காதீங்க.”

“உனக்கு எதுக்கும்மா தாழ்ப்பாள்?”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, முக்காலியைக் கதவோடு நகர்த்தி மறுபடி முதுகைச் சாய்த்தார். டக்.

மகளுக்கு மாற்றுத் துண்டு எடுக்க ஆபரேட்டரம்மா கூடத்து மூலையிலிருந்த சுவரலமாரிக்குப் போனாள். அலமாரிக் கதவை மறித்துக்கொண்டு அந்தப் பெட்டி நின்றது. நல்ல கையால் பிடித்துச் சக்கரத்தில் சாய்க்கப் பார்த்தாள். சாயவில்லை. முட்டியைக் கொடுத்துத் தள்ளினாள். அசைந்து கொடுத்துவிட்டு, பழைய இடத்திலேயே வந்து நின்றது.

குனிந்தபடியே நின்றவளின் காதில் அது விழுந்தது. பெட்டிக்குள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மகளின் கட்டிலோரத்து அலாரக் கடிகாரம். கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டில் வைத்திருந்தது, இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டத்தில் ஒரு நொண்டல் இருக்கும், ஆயிரம் கடிகாரத்துக்கு நடுவில் வைத்தாலும் ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள் எதற்குக் கட்டிலோரத்துக் கடிகாரத்தைக் கொண்டுவருவாள்?

துண்டை எடுக்காமலே திரும்பி வந்தாள். உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது. இருக்கிறேன் என்கிற தட்டு. அதற்கடுத்துக் குழாய் திறக்கிற சத்தம். கொஞ்சமாக இல்லை, முழுசாக. தண்ணீர் தரையில் அறைந்து விழுந்தது.

ஃபிட்டர் காதைக் கூர்மையாக்கினார். “ஸ்டீம் பெட்டி உறுமலையே. ஸ்டீமே போடல இவ. குழாயை இப்படித் திறந்து விட்டிருக்கா. மூட வரலையோ என்னமோ, புதுக் குழாய், வாஷர் எதுவும்…”

எழப் போனவரின் தோளில் ஆபரேட்டரம்மா கையை வைத்தாள். ஆவியில் நெகிழ்ந்த அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது. அழுத்தி உட்கார வைத்தாள்.

“வாஷர்ல ஒரு கோளாறும் இல்ல” என்றாள் மெதுவாக. “நீங்க முதுகை எடுக்காதீங்க.”